பிஏஎஸ்எல்பி படிக்கப் போறீங்களா? அட்மிஷன்ல இருந்து ஆர்சிஐ நம்பர் வரைக்கும் வரிசையா

நான் பிஏஎஸ்எல்பி (காது கேக்குறதுல, பேசுறதுல பிரச்சனை உள்ளவங்களுக்கு சிகிச்சை குடுக்கக் கத்துத்தர்ற டிகிரி) முடிச்சுட்டு இப்போ கிளினிக்ல ஸ்டூடண்ட்ஸ சூப்பர்வைஸ் பண்றேன். வருஷா வருஷம் புது பேட்ச் வரும், வருஷா வருஷம் அதே இடத்துல தான் தடுக்கி விழுவாங்க. பாடம் கஷ்டம்னு சொல்ல முடியாது, எதை முதல்ல பண்ணணும் எதை அப்பறம் பண்ணணும்னு யாரும் சொல்லாததுதான் பிரச்சனை. எல்லாரும் "பேசச் சொல்லித்தர்ற படிப்பு"ன்னு நெனச்சு வர்றாங்க, ஆனா முதல் ரெண்டு வருஷம் முழுக்க கேக்கக் கத்துக்கணும், அது பிடிபட்டவங்களுக்கு மிச்சமெல்லாம் தானா வரும்.

இந்தியால, குறிப்பா தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு எழுதுறேன்.

1. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஆர்சிஐ லிஸ்ட்ட பாருங்க

டிகிரி பேரு பிஏஎஸ்எல்பி, அதாவது ஆடியாலஜியும் ஸ்பீச் லாங்குவேஜ் பேத்தாலஜியும் சேர்ந்த ஒரே இளங்கலைப் படிப்பு. மொத்தம் 4 வருஷம், அதுல கடைசி வருஷம் இன்டர்ன்ஷிப். "எனக்கு ஸ்பீச் மட்டும் போதும், காது வேணாம்"னு சொல்றவங்க இருக்காங்க, இளங்கலைல அந்த சாய்ஸ் இல்ல, ரெண்டும் படிச்சே ஆகணும். தனித்தனியா பிரியறது எம்எஸ்சில தான்.

இந்தப் படிப்ப அங்கீகரிக்கிறது ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில். 1992-ல வந்த சட்டம், அதன்படி ஆர்சிஐ-ல பதிவு பண்ணாம இந்தத் தொழில் பாத்தா தண்டனை உண்டு. அதனால காலேஜ் ஒரு யுனிவர்சிட்டியோட சேர்ந்திருக்குன்னா மட்டும் போதாது, அந்த காலேஜுக்கு இந்தக் கோர்ஸ் நடத்த ஆர்சிஐ அனுமதி இருக்கணும். அனுமதிய குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்குத் தான் குடுப்பாங்க, எத்தனை சீட்டுன்னும் சேத்து தான். ஆர்சிஐ வெப்சைட்ல லிஸ்ட் இருக்கு, நீங்க சேர்ற வருஷம் அதுல வருதான்னு பாருங்க, போன பேட்ச் சீனியர் "எங்களுக்கு இருந்துச்சு"ன்னு சொல்றத நம்பி உக்காராதீங்க.

இன்னொரு குழப்பம் டிஎச்எல்எஸ். அது கேட்பு, மொழி, பேச்சு பத்தின ஒரு வருஷ டிப்ளமோ, ஆர்சிஐ அங்கீகாரம் உண்டு, ஆனா அத முடிச்சவங்க அசிஸ்டண்ட் வேலைக்குத் தான் போக முடியும். அதுக்கும் கீழ "6 மாசத்துல ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகலாம்"னு ஆன்லைன்ல விளம்பரம் ஓடுது பாருங்க, அந்த சர்ட்டிபிகேட்ட வச்சு நீங்க எங்கயும் தெரபிஸ்ட்னு போர்டு மாட்ட முடியாது. எங்க சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி இதுல பணத்த விட்டா, ஃபோன் பண்ணி கேட்டப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு.

2. அப்ளிகேஷன்: நாலு வழி இருக்கு, நாலையும் போடுங்க

ப்ளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இருக்கணும், கூட பயாலஜி. சில இடத்துல பயாலஜிக்கு பதிலா மேத்ஸ் மாதிரி வேற சப்ஜெக்ட்டும் ஏத்துக்குவாங்க, அது காலேஜுக்கு காலேஜ் மாறும், அந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ முழுசா படிங்க.

தமிழ்நாட்டுல அரசு கோட்டா சீட்டெல்லாம் பாராமெடிக்கல் கவுன்சிலிங் வழியா, ப்ளஸ் டூ மார்க் வச்சு. மைசூர்ல இருக்கிற ஐஷ், அதாவது அகில இந்திய பேச்சு கேட்பு நிறுவனம், தனியா நுழைவுத் தேர்வு வைக்கும். பாண்டிச்சேரி ஜிப்மர்ல நீட் ஸ்கோர் பாப்பாங்க. போரூர் ஸ்ரீராமச்சந்திரா மாதிரி நிகர்நிலை பல்கலைக்கழகங்களுக்கு நேரா அப்ளை பண்ணணும்.

ஒவ்வொண்ணுக்கும் தேதி வேற வேற. கவுன்சிலிங் லிஸ்ட்ல பிஎஸ்சி நர்சிங், பிபிடி (பிசியோதெரபி) எல்லாத்தோடயும் இது கலந்து வரும், அவசரத்துல கோர்ஸ் கோட தப்பா போட்டு வேற கோர்ஸ்ல மாட்டினவங்கள எனக்குத் தெரியும். சாய்ஸ் போட்ட பிறகு ஒரு பிரிண்ட் எடுத்து வீட்ல இன்னொருத்தர விட்டு படிக்கச் சொல்லுங்க.

3. சேர்றதுக்கு முன்னாடி ஒரு முழு நாள் கிளினிக் வெளிய உக்காருங்க

இத யாரும் பண்றதில்ல. எந்த பெரிய ஆஸ்பத்திரி ஈஎன்டி டிபார்ட்மெண்ட்லயும் ஸ்பீச் செக்ஷன் இருக்கும், கேட்டா ஒரு நாள் பாக்க விடுவாங்க. காலைல ஒம்போது மணிக்கு போய் சாயந்தரம் வரைக்கும் இருங்க. ஒரு குழந்தை அரைமணி நேரம் கத்தும், அடுத்து ஸ்ட்ரோக் வந்த ஐயா ஒருத்தர் பொண்டாட்டி பேரு வாயில வராம அழுவாரு, அடுத்து தொண்டை கட்டின டீச்சர்.

இதப் பாத்துட்டு "எனக்கு லேப் தான் சரி"ன்னு தோணுச்சுன்னா நல்லது, இப்பவே தெரிஞ்சது. மூணாவது செமஸ்டர்ல தெரிஞ்சா வீட்ல சொல்லவும் முடியாது, தொடரவும் முடியாது.

4. முதல் வருஷம்: அனாட்டமி, டெசிபல், போனெடிக்ஸ். இந்த மூணுல கோட்டை விடாதீங்க

சைக்காலஜி, லிங்குவிஸ்டிக்ஸ், எலக்ட்ரானிக்ஸ்னு நிறைய பேப்பர் வரும். எல்லாத்தையும் ஒரே அளவு படிக்க முடியாது, கடைசி வருஷம் வரைக்கும் உங்கள விடாம துரத்தப் போறது இந்த மூணு தான்.

அனாட்டமிய படமா மனப்பாடம் பண்ணாதீங்க, ஒரு நோயாளியோட சேத்து படிங்க. குரல்வளைல குரல் நாணத் திறக்கிற தசை ஒண்ணே ஒண்ணு தான், மிச்சதெல்லாம் மூடவோ இழுக்கவோ தளர்த்தவோ செய்யும். அந்தத் தசைக்கு போற நரம்பு தைராய்டு பக்கத்துலயே ஓடுது, அதனால தைராய்டு ஆபரேஷன் முடிஞ்சு சிலருக்கு குரல் கம்மி காத்து மாதிரி வரும். இப்படிப் படிச்சா ரெண்டு வருஷம் கழிச்சு வாய்ஸ் கேஸ் முன்னாடி உக்காரும்போது ஞாபகம் வரும்.

டெசிபல்ல பயாலஜி குரூப் பசங்க அப்படியே நின்னுடுவாங்க. 60 டெசிபல் சத்தம் போடுற மிக்ஸி பக்கத்துல இன்னொரு 60 டெசிபல் மிக்ஸிய வச்சா 120 வராது, 63 தான் வரும், ஏன்னா இது லாகரிதம் கணக்கு. ஆடியோகிராம்ல, அதாவது காது டெஸ்ட் ரிசல்ட்ட காட்டுற வரைபடத்துல, 0 டெசிபல்னா சத்தமே இல்லன்னு அர்த்தம் கிடையாது, நல்ல காது உள்ள இளவயசுக்காரங்க சராசரியா கேக்குற மெல்லிசான அளவு அது. இந்த ரெண்டு வரி புரியற வரைக்கும் அடுத்த சாப்டர் போகாதீங்க.

போனெடிக்ஸ், அதாவது பேச்சுச் சத்தங்களப் பத்தின பாடம் தான் பெரிய தலைவலி, அதுவும் தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு. காரணம் என்னன்னா நம்ம எழுத்து ஒண்ணு, சத்தம் பல. "கல்", "தங்கம்", "பகல்" மூணையும் மெதுவா சொல்லிப் பாருங்க, மூணுலயும் க இருக்கு, மூணும் வேற வேற சத்தம். "பாட்டு", "பாடு" ரெண்டுலயும் ட வேற. "பச்சை", "பஞ்சு", "சாப்பாடு" மூணுலயும் ச வேற. ஐபிஏ-ல, அதாவது ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு குறின்னு இருக்கிற சர்வதேச ஒலிக்குறி முறைல, எழுதச் சொன்னா ஸ்டூடண்ட்ஸ் காதுல கேட்டத எழுத மாட்டாங்க, மனசுல ஓடுற ஸ்பெல்லிங்க எழுதுவாங்க. அப்பறம் குழந்தை சரியா சொன்னத தப்புன்னும் தப்பா சொன்னத சரின்னும் ரிப்போர்ட் போகும்.

இதுக்கு நான் எல்லாருக்கும் குடுக்கிற வேலை: வீட்ல பாட்டி பேசுறத ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, அவங்ககிட்ட கேட்டுட்டு தான். தினமும் ஒரே ஒரு நிமிஷம் ஐபிஏ-ல எழுதுங்க. எழுத்து வடிவத்த மறந்துட்டு கை தொண்டைல வச்சு அதிருதா இல்லையான்னு பாத்து எழுதுங்க. ப்ராட்ங்கிற இலவச சாஃப்ட்வேர்ல அதே ரெக்கார்டிங்க போட்டா சத்தம் கண்ணுக்குத் தெரியும். மூணு மாசம் பண்ணா போதும், காது மாறிடும், அப்பறம் பஸ்ல பின் சீட்ல பேசுறவங்க பேச்சக் கூட உங்களால சும்மா கேக்க முடியாது (இதுக்கு மருந்து இல்ல).

5. ழ-வுல ஆரம்பிச்சு: வட்டார வழக்கையும் குறைபாட்டையும் பிரிக்கக் கத்துக்கோங்க

அஞ்சு வயசுப் பையன் "வாளப்பளம்"னு சொல்றான். ஸ்டூடண்ட் உடனே சந்தோஷமா "ழ-வுக்கு பதில் ள"ன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டா. நான் அவள வெயிட்டிங் ஹால்ல போய் அவங்க அம்மாகிட்ட "காலைல என்னம்மா சாப்ட்டான்?"னு கேட்டுட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தா முகமே சரியில்ல. "ரெண்டு இட்லி, ஒரு வாளப்பளம்னு சொல்றாங்க மேடம்."

தெக்கத்திப் பக்கம் நெறைய வீட்ல ழ ள-வா தான் வரும், வடக்க சில இடத்துல "வாயப்பயம்". குழந்தை வீட்ல கேக்குறத தான் சொல்லுது, அது குறைபாடு இல்ல. ழ எப்படியும் குழந்தைகளுக்கு லேட்டா வர்ற சத்தம் வேற. அதனால ரிப்போர்ட்ல எந்தத் தப்பையும் எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி: இந்த வயசுல இந்தச் சத்தம் வந்திருக்கணுமா? வீட்ல பெரியவங்க எப்படி சொல்றாங்க?

தமிழ்ல உச்சரிப்புத் தேர்வு இருக்கு, படத்தக் காட்டி பேரு சொல்ல வைக்கிறது. அத வரிசையா நடத்தி மார்க் போடறது ஈஸி, மார்க்க படிக்கறதுல தான் மேல சொன்ன விஷயம் வேணும்.

6. கேஸ் ஹிஸ்டரி: பேனாவ மூடி வச்சுட்டு ஆரம்பிங்க

முதல் செமஸ்டர்லயே அப்சர்வேஷனுக்கு விடுவாங்க, அப்பறம் நீங்களே ஹிஸ்டரி எடுப்பீங்க. பாரத்துல இருக்கிற கேள்விய மேல இருந்து கீழ கேட்டுட்டே போறது தான் எல்லாரும் பண்ற தப்பு. "எத்தனை வார்த்தை பேசுவான்?"னு கேட்டா எந்த அம்மாவும் எண்ணி வச்சிருக்க மாட்டாங்க. "பசிச்சா உங்ககிட்ட எப்படிம்மா கேப்பான்? கைய புடிச்சு இழுப்பானா, கண்ணப் பாப்பானா?"ன்னு கேளுங்க, கதை மாதிரி கொட்டுவாங்க, உங்க பாரத்துல பாதி அதுலயே நிரம்பிடும்.

கூட வந்த பாட்டி "நாக்குல வசம்பு தேச்சோம், இவன் அப்பனும் லேட்டா தான் பேசினான்"னு சொல்வாங்க. சிரிக்காதீங்க, திட்டவும் செய்யாதீங்க. அப்பா லேட்டா பேசினார்ங்கிறது உங்களுக்கு வேண்டிய குடும்ப ஹிஸ்டரி, திட்டிட்டீங்கன்னா அடுத்த தகவல் வாயில இருந்து வராது.

பேச்சு வரலன்னு எந்தக் குழந்தை வந்தாலும் முதல் வேலை காது டெஸ்ட். "கூப்பிட்டா திரும்புறானே"ன்னு வீட்ல சொல்வாங்க, கதவ சாத்துற சத்தத்துக்கு திரும்புற குழந்தைக்கு "ச", "ஃப" மாதிரி மெல்லிசான சத்தம் கேக்காம இருக்கலாம். காதப் பாக்காம நாலு மாசம் தெரபி குடுத்தா அந்த நாலு மாசமும் வீண். பிறந்து 1 மாசத்துக்குள்ள ஸ்கிரீனிங், 3 மாசத்துக்குள்ள உறுதி பண்றது, 6 மாசத்துக்குள்ள சிகிச்சைன்னு கணக்கு வச்சிருக்கிறதே இதனால தான்.

7. ஆடியோமெட்ரி (மெஷின்ல பண்ற காது டெஸ்ட்): மெஷின தொடறதுக்கு முன்னாடி நாலு விஷயம்

காதுக்குள்ள லைட் அடிச்சு பாருங்க. அழுக்கு அடைச்சிருந்தா அதுவே கேக்காத மாதிரி காட்டும். கம்மல், கண்ணாடி கழட்டச் சொல்லுங்க. சிவப்பு ஹெட்போன் வலது காதுக்கு, நீலம் இடதுக்கு. மாத்தி மாட்டிட்டு ரிப்போர்ட் குடுத்தா ஹியரிங் எய்ட் தப்பான காதுக்கு போகும், காமெடி மாதிரி தெரியும், நடக்குது.

நாலாவது, எப்படி சொல்றீங்கங்கிறது. "சத்தம் கேட்டா அமுத்துங்க"ன்னா பெரியவங்க நல்லா தெளிவா கேட்டா தான் அமுத்துவாங்க, உங்களுக்கு உண்மைய விட டெசிபல் அதிகமா வரும். "ரொம்ப மெல்லிசா, கேட்டுச்சா இல்லையான்னு சந்தேகமா இருந்தாலும் அமுத்துங்கய்யா"ன்னு சொல்லுங்க.

நல்லா கேக்குற காதுல, 1000 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிங்க. கேட்டா 10 டெசிபல் இறக்கு, கேக்கலன்னா 5 ஏத்து, இது கை பழகிடும். மாஸ்கிங்ல தான் எல்லாரும் முழிப்பாங்க. விதிய மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி காரணத்த புரிஞ்சுக்கோங்க: ஒரு காது மோசமா இருந்தா சத்தத்த கூட்டிக்கிட்டே போவீங்க, சாதாரண ஹெட்போன்ல கிட்டத்தட்ட 40 டெசிபல் வித்தியாசம் வந்துட்டா சத்தம் மண்டை எலும்பு வழியா அந்தப் பக்கம் போயிடும், நல்ல காது கேட்டு பதில் சொல்லிடும். அதத் தடுக்க நல்ல காதுக்கு இரைச்சல் குடுத்து "நீ சும்மா இரு"ன்னு சொல்றது தான் மாஸ்கிங்.

8. தெரபி: நீங்க பேசுறத குறைங்க

என் முதல் செஷன சொல்றேன். மூணு வயசுக் குழந்தை, 20 ஃப்ளாஷ் கார்டு லேமினேட் பண்ணி கொண்டு போயிருந்தேன், ஆப்பிள், பென்குயின், ஜீப்ரான்னு. அரைமணி நேரம் நான் மட்டும் பேசினேன், "இது என்ன? சொல்லு, சொல்லு, ஆப்பிள், சொல்லு". குழந்தை பென்குயின கடிச்சு வச்சுது. வெளிய வந்ததும் சூப்பர்வைசர் மேடம் ஒரே கேள்வி கேட்டாங்க: "ஒரு கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் வெயிட் பண்ண?" நான் யோசிச்சேன். ஒரு செகண்ட் கூட இல்ல.

கேள்வி கேட்டா மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, வாய மூடிட்டு குழந்தை முகத்தப் பாருங்க. மொழி கஷ்டப்படுற குழந்தைக்கு கேட்டத புரிஞ்சு பதில எடுக்க நேரம் வேணும், நடுவுல நீங்க பேசினா அது திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

சாமான் வீட்ல இருக்கிறதா இருக்கட்டும்: கரண்டி, சொம்பு, சாவி, பந்து, சோப்பு நுரை ஊதுற டப்பா. வார்த்தையும் பேச்சு வழக்குல இருக்கணும். "தண்ணீர்"னு பழக்கினா வீட்ல யாரும் அப்படி சொல்றதில்ல, "தண்ணி" தான் வேணும். ஸ்டூடண்ட்ஸ் டீச்சர் மாதிரி எழுத்துத் தமிழ்ல பேச ஆரம்பிச்சுடுவாங்க, குழந்தை ஸ்கூல் வந்துட்டோம்னு மிரளும்.

தெரபி கோல் (இலக்கு) எழுதும்போது "பேச்சை மேம்படுத்துதல்"னு எழுதினா நான் அடிச்சுடுவேன். "பந்து வேணும்ங்கிறப்போ தானா 'தா'ன்னு 10 தடவைல 8 தடவை கேக்கணும்"னு எழுதுங்க. எண்ண முடிஞ்சா தான் முன்னேறுதா இல்லையான்னு தெரியும்.

உச்சரிப்பு தெரபில வரிசை முக்கியம்: முதல்ல சரியான சத்தத்தையும் தப்பான சத்தத்தையும் காது பிரிக்கணும், அப்பறம் தனிச் சத்தம், அசை, வார்த்தை, வாக்கியம், கடைசில சாதாரணப் பேச்சு. காத விட்டுட்டு வாயில இருந்து ஆரம்பிச்சா ரூமுக்குள்ள சரியா சொல்லும், வெளிய போனதும் பழைய மாதிரி.

திக்குவாய் கேஸ்ல "மெதுவா பேசுங்க, டென்ஷன் ஆகாதீங்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அவங்க இத வாழ்க்கை முழுக்க எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. அந்தப் பேப்பர் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, தெரியாத டீக்கடைல போய் வேணும்னே திக்கித் திக்கி "ட்ட்ட்டீ ஒண்ணு"ன்னு கேளுங்க. கடைக்காரர் பாக்குற பார்வையும் உங்க வயித்துல வர்ற கலக்கமும் தான் பாடம்.

விழுங்குறதுல பிரச்சனை உள்ளவங்களுக்கு சூப்பர்வைசர் இல்லாம ஒரு ஸ்பூன் தண்ணி கூட குடுக்காதீங்க. புரை ஏறினா இருமுவாங்கன்னு நெனைப்பீங்க, சிலருக்கு இருமலே இல்லாம நுரையீரலுக்குள்ள போகும், நிமோனியால கொண்டு போய் விடும்.

9. லாக் புக்க அன்னன்னிக்கு எழுதுங்க

கிளினிக்கல் நேரம் கணக்கு காட்டணும், கையெழுத்து வாங்கணும். செமஸ்டர் கடைசில மொத்தமா எழுதினா கையெழுத்து போட வேண்டிய சூப்பர்வைசர் லீவுல இருப்பாங்க, இல்ல வேலைய விட்டே போயிருப்பாங்க. ஒவ்வொரு கேஸ் முடிஞ்சதும் எழுதி அன்னைக்கே நீட்டுங்க. நோயாளி பேரோ போட்டோவோ உங்க ஃபோன்ல இருக்கக் கூடாது, ஸ்டேட்டஸ் வைக்கிறதப் பத்தி பேசவே வேணாம்.

10. இன்டர்ன்ஷிப்பும் ஆர்சிஐ நம்பரும்

இன்டர்ன்ஷிப்ல உங்களுக்கு பயமா இருக்கிற போஸ்டிங்க முதல்ல கேட்டு வாங்குங்க. குழந்தை கேஸ் பிடிக்கும்னு அதுலயே சுத்தினவங்க முதல் வேலைல ஸ்ட்ரோக் நோயாளி முன்னாடி கை கட்டி நிப்பாங்க.

முடிஞ்சதும் டிகிரி சர்ட்டிபிகேட், மார்க் ஷீட், இன்டர்ன்ஷிப் சர்ட்டிபிகேட்டோட ஆர்சிஐ-ல அப்ளை பண்ணணும். நம்பர் வந்தா தான் ரிப்போர்ட்ல உங்க பேர்ல கையெழுத்து போட முடியும். இங்க நம்ம ஊர் பிரச்சனை ஒண்ணு, இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் பின்னாடி, ஆதார்ல அப்பா பேரு முழுசா, டிகிரில இனிஷியல் முன்னாடின்னு மூணும் மூணு மாதிரி இருந்தா அப்ளிகேஷன் நின்னுடும். முதல் வருஷமே எல்லாத்தையும் பத்தாவது மார்க் ஷீட் மாதிரி ஒரே மாதிரி மாத்திடுங்க, கடைசி வருஷத்துல அலைய நேரம் இருக்காது.

வெளிநாடு போற ஐடியா இருந்தா, அமெரிக்கால ஸ்பீச் வேலை பாக்க மாஸ்டர்ஸ் இல்லாம நடக்காது, ஆடியாலஜிக்கு டாக்டரேட் லெவல் படிப்பே வேணும், அதனால எம்எஸ்சி ஸ்பீச்சா ஆடியாலஜியான்னு இன்டர்ன்ஷிப் நடுவுலயே முடிவு பண்ணிக்கோங்க. இங்கயே இருக்கப் போறவங்களுக்கு, ஆர்சிஐ பதிவ 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அதுக்கு நடுவுல செமினார், ஒர்க்ஷாப் போய் பாயிண்ட் சேக்கணும். சர்ட்டிபிகேட் எல்லாம் முதல் நாள்ல இருந்தே ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, நான் மூணு வருஷ சர்ட்டிபிகேட்ட வீடு மாத்தும்போது தொலைச்சுட்டு ஒவ்வொரு இடமா ஃபோன் பண்ணி கெஞ்சி வாங்கினேன்.